காணாப் பொருளும் கருதலளவையும்

பொருளுண்மை துணிதற்குக் கருவியாவது அளவை. அது பலவாக விரித்துக் கூறப்படினும், காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. பதி பசு பாசங்களின் இலக்கணங் கூறப் புகுமுன் அளவையை முன்வைத்த சிவஞானசித்தியாரின் வைப்புமுறையே அதன் இன்றியமையாமையை உணர்த்தும். இம்மூன்றனையும் மாணாக்கர்க்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடஞ் சொல்லிவருகின்ற யாம், அவற்றுள் ஒன்றனை எம் நாவினாலேயே பழுதுபடுத்திய செய்தியையும், அதனைத் திருத்தும்பொருட்டுக் கற்க நேர்ந்தவற்றையும் இவ்விதழ் அன்பர்கட்கு விண்ணப்பிக்கின்றோம்.

சில ஆண்டுகளின் முன், எம்மூராகிய சங்கரன்கோயிலில், கோமதியம்மை அரியும் அரனும் ஒன்றாய் நின்ற கோலத்தைக் காணத் தவங்கிடந்த ஆடித்தபசு விழாவினையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவொன்றில், ஆணவ மலத்தின் இயல்பை விரித்துரைத்தோம். புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவமோ தன்னையுங் காட்டாது, பிறவற்றையுங் காட்டாது. திருவருட்பயனின் இருண்மலநிலையைக் கற்றார் யாவரும் அறிந்த கருத்து இது. இதனைச் சொல்லிவருங்கால், நாளிதழொன்றிற் கண்ட செய்தி நினைவிற்கு வந்தது. உலகத்துப் பொருளிற் பெரும்பகுதி கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத கரும்பொருள் என மேனாட்டுப் பௌதிக நூலார் துணிந்தனர் என்பதே அச்செய்தி. அவை மகிழ்தற்பொருட்டு, "தன்னையுங் காட்டாத இவ்விருளைத்தான் நம் ஆசிரியன்மார் ஆணவம் என்று எழுநூறு ஆண்டுகளின் முன்னரே கூறிப்போந்தனர், மேனாட்டார் கருவிக்கு அஃது இன்றுதான் அகப்பட்டது" என்று முழங்கினோம். அவையோர் கைகொட்டி ஆர்த்தனர். யாமும் உள்ளங் குளிர்ந்தோம்.

கூட்டங் கலைந்தபின் இளைஞர் ஒருவர் எம்மை அணுகினார். இவ்வூரிற் பிறந்து வெளியூர்க் கல்லூரியொன்றிற் பௌதிகம் பயில்பவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். "ஐயா, ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார். "கேளுங்கள் தம்பி" என்றோம்.

"கரும்பொருள் எதனையும் மறைப்பதில்லையே ஐயா! ஒளி அதனூடே தடையின்றிச் செல்கிறது. அதுமட்டுமன்று, தன் ஈர்ப்பினால் அது ஒளியை வளைத்து, தனக்குப் பின்னே நெடுந்தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களைப் பெரிதாக்கியும் காட்டுகிறது. மூக்குக்கண்ணாடியை யாராவது இருள் என்று சொல்வார்களா?"

யாம் விடை தேடி நின்றோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலுஞ் சொன்னார்: "ஆணவத்தைப் பற்றித் தாங்கள் சொன்னதைச் சோதிக்க என்னிடம் கருவி இல்லை. தங்கள் வாக்கை நம்பித்தான் கேட்டேன். கரும்பொருளைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். படித்த இடத்திலே தங்கள் வாக்குப் பொருந்தவில்லையென்றால், படிக்காத இடத்திலே அதை எப்படி நம்புவது, ஐயா?"

அவர் சொல்லிற் சிறிதும் அவமதிப்பில்லை. வணங்கித் திருநீறு பெற்றுக்கொண்டே போயினார். ஆயின் அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது. என்னை? உரையளவைக்கு உயிராவது உரைப்போன் மெய்ம்மை. கேட்போன் தானே ஆராய்ந்து காணத்தக்க சிறுபொருளிற் பிழைபட உரைப்பவன், அவன் ஆராயவியலாப் பெரும்பொருளில் தன் சொல்லைத் தானே அளவையல்லாததாக்கிக் கொள்கின்றான். ஆசிரிய மரபின் பெயரால் யாம் பெற்ற கைகொட்டு, அவ்விளைஞர்க்கு ஆசிரிய மரபின்மீதிருந்த நம்பிக்கையை விலையாகக் கொண்டது. மறுவாரமே அவர் இல்லத்திற்கு ஆளனுப்பி, "தம்பி, எமக்குப் பாடஞ் சொல்லுங்கள்" என்று வேண்டினோம். விடுமுறைதோறும் வந்து சொன்னார். அவரிடங் கேட்டவற்றையும் பின்னர் நூல்களிற் கற்றவற்றையுமே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

யாம் முதற்கண் கேட்ட வினா: "உலகம் தோன்றிய பொழுதை யார் கண்டார்? காணாததனை எவ்வாறு நாழிகைக் கணக்கிட்டுச் சொல்கின்றனர்?" என்பது. அதற்கு அவர் தந்த விடையை யாம் நம் தருக்க நூற் பரிபாடையில் பெயர்த்துக்கொண்டோம். மலையிற் புகை கண்டு தீ உண்டென்று கருதுகின்றோம். அங்ஙனங் கருதுதற்குப் பற்றுக்கோடு யாது? அடுக்களையிற் புகையுந் தீயும் உடனிகழக் கண்டமையே. மலையேறிப் பார்த்தவர் எவருமிலர். அடுக்களையிற் கண்டதே சான்று. அதுபோல, ஆதிப் பிரபஞ்சம் ஏறமுடியாத மலை; அதற்குரிய அடுக்களையைச் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகர்ப்புறத்தில் 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள நிலவறையாக அமைத்திருக்கின்றனர். செர்ன் என்னும் அந்நிலையத்தில், புரோட்டான் முதலிய நுண்டுகள்களை ஒளிக்கு அணுக்கமான விரைவிற் செலுத்தி ஒன்றோடொன்று மோதவிட, முதற்கணத்தையொட்டிய வெம்மையில் துகள்கள் எவ்வாற்றல் பெற்றிருந்தனவோ அவ்வாற்றல் அம்மோதலில் ஒரு புள்ளியின்கண் மீளத் தோன்றுகின்றது. அங்கே துகள்கள் நடந்துகொள்ளும் முறை காட்சி. அம்முறையே ஆதியினும் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பது கருதல். துகளியற் பௌதிகம் உலகத் தோற்ற ஆராய்ச்சிக்குச் செய்யும் உதவி முழுவதும் இவ்வொன்றனுள் அடங்கும்.

விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்வது தொலைநோக்கியாற் கண்ட உண்மை. விலகுவன முன்னர் நெருங்கியிருந்தன; நெருங்கியிருந்தன வெம்மை மிக்கிருந்தன. இக்கணக்கைப் பின்னோக்கிச் செலுத்தினால் ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளின் முன் போய் நிற்கும். அத்தொடக்கத்திலிருந்து ஒரு நொடியைப் பத்தாயிரங் கோடி கூறாக்கியதில் ஒரு கூறு கழிந்த அளவில், எலக்ட்ரான் முதலிய மூலத்துகள்கள் நிறை பெற்றன என்பர். அந்நிறைக்கு ஏதுவெனக் கருதப்பட்டிருந்த ஹிக்ஸ் துகள் 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் ஜெனீவாவிற் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு கழிந்தபின், குவார்க்குகள் மும்மூன்றாகக் கூடிப் புரோட்டானும் நியூட்ரானும் ஆயின. ஈய அணுக்கருக்களை மோதவிட்டு அக்குவார்க்குக் குழம்பையே அங்கு மீளச் செய்து பார்க்கின்றனர். அவ்வாராய்ச்சியிற் கொல்கத்தா முதலிய இடங்களிலுள்ள நம் நாட்டறிஞர்களும் பங்கு கொண்டுள்ளனர். பொருளும் எதிர்ப்பொருளும் தம்முள் மோதி ஒளியாய் அழிய, நூறு கோடிக்கு ஒன்று என்னும் அளவில் எஞ்சிய பொருளே நாமும் நம் மலைகளும் விண்மீன்களும். அவ்வொன்று ஏன் எஞ்சிற்று என்பதற்கு அவர்களிடத்தும் இன்னும் முடிந்த விடையில்லை.

இவற்றையெல்லாம் யாம் முதலிற் புராணங் கேட்பார் போலவே கேட்டோம். எம்மை நிமிர்ந்திருக்கச் செய்தது, அடுத்து வந்த கணக்கு. அன்பர்கள் சிறிது பொறுத்து இதனைக் கேட்க வேண்டும். தாளும் எழுதுகோலும் கொண்டு பார்க்கத்தக்க எளிய கணக்கே.

ஒரு நொடி கழிந்த காலத்து வெம்மை ஏறத்தாழ ஆயிரங் கோடி பாகை. அதுகாறும் புரோட்டான் நியூட்ரானாகவும், நியூட்ரான் புரோட்டானாகவும் மாறிமாறி வந்தன. வெம்மை தணியவே அம்மாற்றம் நின்றது. நியூட்ரான் சிறிது நிறை மிக்கதாகலின் தொகையிற் குறைந்து நின்றது. தனித்து நிற்கும் நியூட்ரான் கால்மணி நேர அளவிற் சிதைவதாகலின் மேலுஞ் சிறிது குறைந்தது. சில நிமிடங்களில் அணுக்கருக்கள் கூடுதற்கு ஏற்ற தண்மை வந்தபொழுது, ஏழு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்பது விகிதம். எனவே பதினாறு துகள் எடுத்துக்கொண்டால், பதினான்கு புரோட்டான், இரண்டு நியூட்ரான். அவ்விரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானோடு கூடி ஒரு ஹீலியக் கருவாகும். எஞ்சிய பன்னிரண்டும் ஹைட்ரஜன். பதினாறில் நான்கு ஹீலியம். அஃதாவது நிறையில் நூற்றுக்கு 25 பங்கு. இன்று விண்மீன்களின் அடுகளத்தில் அதிகம் வேவாத பழைய வாயுமண்டலங்களை ஒளிப்பகுப்புக் கருவியால் நோக்க, அங்கே காணப்படும் ஹீலியமும் நூற்றுக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து பங்கேயாம்!

இதனினுஞ் சிறந்தது ஒன்றுண்டு. நியூட்ரினோ என்பது மின்னூட்டம் அற்றதும் மிக நொய்யதும் ஆகிய துகள். அதன் வகைகள் எத்துணை மிகுமோ அத்துணை விரைவாக ஆதிப் பிரபஞ்சம் விரியும், விரையவே நியூட்ரான்கள் மிகுதியாக எஞ்சும், ஹீலியமும் மிகும். ஆதலின் விண்ணிலுள்ள ஹீலியத்தின் அளவைக் கொண்டு, நியூட்ரினோ வகை மூன்றனுக்கு மிகுதியும் மேற்படலாகாது என்று வான நூலார் முன்னரே கருதினர். பின்னர் 1989-ஆம் ஆண்டு, ஜெனீவாவின் அந்நிலவறையிலேயே அக்காலத்து இயங்கிய வேறொரு கருவி, இசட் என்னும் துகள் சிதையும் முறையை அளந்து, நிறை குறைந்த நியூட்ரினோ வகை மூன்றே எனக் காட்டியது. வானத்து ஹீலியத்தைக் கொண்டு கருதியதும், பூமிக்கடியிற் கண்டதும் ஒன்றாயின. ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள் ஒரே சொற் சொன்னால் எந்த நீதிமன்றம் தள்ளும்? மூன்று நிமிடத்து உலகத்தைப் பற்றிய பேச்சைக் கட்டுக்கதை என்று எள்ளும் நம்மவர் சிலர் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். யாமும் அவருள் ஒருவராய் இருந்தோம்.

கரும்பொருளுக்கு வருவோம். மேற்கூறிய கணக்கின் ஒரு கிளையே அதற்கும் வழிகாட்டுகின்றது. ஹீலியம் சமைந்த அவ்வடுப்பில், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுங் கூடிய டியூட்டீரியம் என்னும் கனநீரகமும் சிறிது எஞ்சியது. அணுவாலாகிய பொருள் செறிந்திருப்பின் அது வெந்து ஹீலியமாகிவிடும். செறிவு குறைந்திருப்பின் மிகுதியாக எஞ்சும். நெடுந்தொலைவிலுள்ள வாயுமேகங்களில் அதனை அளந்து நோக்க, புரோட்டான் நியூட்ரான்களாலாகிய பொருள், பிரபஞ்சத்தின் மொத்தச் சரக்கில் நூற்றுக்கு 5 பங்களவே என்று போதரும். ஆனால் எடையோ அதற்கு மிகுதியாகக் காணப்படுகின்றது.

எடை மிகுதி எங்ஙனம் அறியப்பட்டது? 1933-ஆம் ஆண்டில் சுவிக்கி என்பார், கோமா என்னும் மண்டலக் கொத்தில் உள்ள விண்மீன் மண்டலங்கள், அங்கே காணப்படும் பொருளின் ஈர்ப்பு தாங்கவியலாத விரைவோடு இயங்கக் கண்டார். 1970-இல் வீரா ரூபின் அம்மையாரும் போர்டு என்பாரும் ஆண்ட்ரமீடா மண்டலத்தின் புறவிளிம்பிலுள்ளனவும் உள்ளிருப்பனவற்றுக்கு இளையாத விரைவிற் சுற்றுவதை அளந்து காட்டினர். இதற்குத் தபசுச் சந்தையின் ராட்டினமே தக்க உவமை. சங்கிலியிற் கட்டிய இருக்கைகள் விரைந்து சுழல்கின்றன. இரவாதலாற் சங்கிலி தெரியவில்லை. இருப்பவர் தெறித்து வீழாமை கொண்டே, அவ்விரைவைத் தாங்கும் வன்மையுடைய சங்கிலி உண்டென்று அறிகின்றோம். நூலிழை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகின்றதெனில், தெரியாத சங்கிலி வேறுண்டு என்றே கொள்ளல் வேண்டும்.

மற்றொரு சான்று வானம் முழுவதும் பரந்துள்ள பேரொளியின் எச்சம். உலகம் தோன்றி 3,80,000 ஆண்டளவில் விடுபட்ட ஒளி, இன்று தண்ணென்ற நுண்ணலையாய் எத்திசையினின்றும் வருகின்றது. 1965-இல் அறிவிக்கப்பட்ட இதனைப் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் கண்டனர். அதன்கண் லட்சத்தில் ஒரு பங்கு அளவான மேடுபள்ளங்களே உள. ஒளியின் நெருக்குதலால் அணுப்பொருள் அதுகாறும் கூடமாட்டாது அலைப்புண்டு கிடந்தது; அதன் பின்னரே அது கூடத் தொடங்கியிருப்பின் இத்துணை விண்மீன் மண்டலங்கள் உருவாதற்குக் காலம் போதாது. ஒளியால் நெருக்கப்படாத வேறொரு பொருள் முன்னரே ஆங்காங்குத் திரண்டு குழியமைத்திருந்தது. அக்குழிகளில் அணுப்பொருள் வந்து வீழ்ந்தது என்று கொண்டால் மட்டுமே கணக்கு ஒக்கும். ஐரோப்பியர் 2009-இல் ஏவிய பிளாங்க் என்னும் செயற்கைக்கோள் அளந்தபடி, நூற்றுக்கு 5 பங்கு அணுப்பொருள், ஏறத்தாழ 27 பங்கு கரும்பொருள், எஞ்சிய 68 பங்கு பிரபஞ்ச விரிவை விரைவிக்கும் மற்றோர் ஆற்றல். டியூட்டீரியம் சொன்ன ஐந்தும் இது சொன்ன ஐந்தும் ஒத்தன. ஈண்டும் இரு சாட்சிகள்.

கரும்பொருள் என்னும் பெயரே எமக்கு உடன்பாடன்று. கருமை என்பது ஒளியை விழுங்குவதன் குணம். கரி கருப்பு, மை கருப்பு. இதுவோ ஒளியை விழுங்குவதுமில்லை, உமிழ்வதுமில்லை. காணாப்பொருள் எனின் பொருந்தும். பெயரிட்டவர் சற்றே தமிழ் கற்றிருப்பின் எம் பிழையே நிகழ்ந்திராது என்று அவ்விளைஞரிடம் நகைத்துச் சொன்னதுண்டு.

அக்காணாப்பொருள் யாது? முதலில் நியூட்ரினோவோ என ஐயுற்றனர். கதிரவனிடமிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் நம் விரல்நகமளவு இடத்தில் ஏறத்தாழ 6,500 கோடி ஊடுருவிச் செல்கின்றன, நாம் அறிவதில்லை. காணாமையில் இதற்கு மிஞ்சியது உண்டோ என்று தோன்றும். இதன் ஆராய்ச்சியில் நம் நாட்டிற்குப் பழைய உரிமையும் உண்டு. தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறையாய் உழைத்த கோலார்த் தங்கவயலில், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அமைத்த கருவிகள், காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் செயலை 1965-ஆம் ஆண்டிற் பதிவு செய்தன. அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பின்னர்த் தேனி மாவட்டப் பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து 50,000 டன் காந்த இரும்பாலாகிய கருவியை அமைக்க 2015-இல் மத்திய அரசு இசைந்தது. அவ்வூர் மக்கள் அஞ்சினர், வழக்குகள் எழுந்தன, 2022-இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புரைத்தது. மலை குடையப்படவில்லை; மதுரையில் 85 டன் சிறு மாதிரிக் கருவி ஒன்று மட்டும் அமைந்தது. மலையை நம்பி வாழ்வார் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எமக்கு உவப்பன்று. அவர் மொழியில் அமர்ந்து விளக்குவார் தொடக்கத்திலேயே வேண்டியிருந்தனர்.

நிற்க. நியூட்ரினோ மிக நொய்யது, ஆதியில் மிக்க விரைவோடு ஓடியது, ஓடுவது திரளாது, திரளாதது மண்டலங்களுக்குக் குழியமைக்காது. ஆகவே அஃது அன்று என விலக்கினர். இதுகாறும் அறிந்த துகள் எதுவும் பொருந்தாமையின், அறியாத துகள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று தேடுகின்றனர். அமெரிக்காவின் தென் டகோட்டாவில், கோலாரைப் போன்றே கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் 10 டன் செனான் திரவத்தை வைத்து, அதன்கண் ஒரு மினுக்கம் தோன்றுமோ எனக் காத்திருக்கின்றனர். ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்திலும் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் நம் நாட்டார் 2017-இல் ஆய்வகம் ஒன்று அமைத்தனர். அத்துகள் இன்னும் அகப்பட்டிலது.

அற்றேல், இல்லாததனைத் தேடுகின்றனரோ எனின், அக்கட்சியும் அவருள்ளேயே உண்டு. ஈர்ப்பு விதியையே திருத்திவிட்டால் காணாப்பொருள் வேண்டா என்று 1983-இல் மில்குரோம் என்பார் கூறினார். இதனை நகைத்து ஒதுக்கலாகாது என்பதற்குப் பழைய வரலாறு ஒன்று சான்றாகும். யுரேனஸ் கோள் கணக்கிற்கு மாறாக நடந்தமை கண்டு, காணாத கோளொன்று அதனை ஈர்க்கின்றது என லெவெரியே என்னும் பிரெஞ்சுக் கணித வல்லுநர் கருதினார். 1846-இல் அவர் சொன்ன இடத்தருகே நெப்டியூன் காணப்பட்டது. புதன் கோளின் நடையிலும் ஒரு மாறுபாடு கண்டு, அங்கும் வல்கன் என்னும் காணாத கோளொன்று உண்டென 1859-இல் அவரே கருதினார். எவ்வளவு தேடியும் அஃது அகப்படவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே புதுக்கியபொழுது, புதனின் மாறுபாடு கோளின்றியே விளங்கிற்று. கருதியவர் ஒருவரே, கருதிய நெறியும் ஒன்றே, ஒருகால் பொருள் கிடைத்தது, ஒருகால் விதி மாறியது. மில்குரோம் கட்சிக்கு எதிராக 2006-இல் வெளியான சான்றொன்று வலியது. இரு மண்டலக் கொத்துகள் மோதிய இடத்தில், வாயு இடையே தங்கிநிற்க, எடை அதனை விட்டு இருமருங்கும் அப்பாற் சென்றிருக்கக் கண்டனர். எனவே காணாப்பொருட் கட்சியே இன்று பெரும்பாலார்க்கு உடன்பாடு. ஆயினும் துகள் கைக்கு எட்டும்வரை ஏது முற்றாது என்பதை அவர்களே ஒப்புகின்றனர்.

இனி நம் சித்தாந்தத்தில் இதற்கு இடம் யாது? ஆணவம் உயிரை அநாதியே பற்றியது. செம்பிற் களிம்பு போல உயிரறிவை மறைப்பது. உயிரில்லாத வெளியில் மண்டலங்களைத் தாங்கி நிற்பது அன்று. காணாப்பொருளுக்கு எடையுண்டு, இடமுண்டு, திரட்சியுண்டு. ஆணவத்தைத் துலாக்கோலில் நிறுப்பார் யார்? ஆகவே எம் பழைய கூற்று முழுதும் பிழை. அதனை யாம் கைவிட்டபொழுது, எம்மை ஒத்த புலவர் ஒருவர், "ஆணவம் இல்லையேல் மாயை என்று சொல்லிவிடலாமே" என்றார். மண்டலங்கள் உருவாதற்கு உதவுவதாகலின் அது பொருந்துவது போலவே தோன்றும். ஆயின் மாயை உலகிற்கு முதற்காரணம். அருவமாய் வியாபகமாய் எல்லாத் தத்துவங்களையும் தன்னுள் அடக்கி நிற்பது. காணாப்பொருளோ ஓரிடத்துத் திரண்டு ஓரிடத்து அருகி, பகுக்கப்பட்டு எண்ணப்படுவது. பகுக்கப்படுவன எல்லாம் காரியம். கடலிலுள்ள உப்பும், ஆண்ட்ரமீடாவைச் சூழ்ந்த காணாப்பொருளும் ஒரே வரிசையில், மாயையின் காரியமாகிய உலகின் பகுதிகளே. புலப்படாமை ஒன்றனாலேயே ஒரு பொருள் உயர்ந்த தத்துவமாகிவிடாது. காற்றும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

முதற்கணம் என்று அவர் சொல்வதனைச் சருவசங்காரத்தின் பின் நிகழும் புனருற்பவமே என்று முடிபோடுவாரும் உளர். பௌதிக நூலார் கணக்கு வெம்மை மிக்க ஒரு நிலையிலிருந்து தொடங்குகின்றது. அதற்கு முன் யாதென்பதில் அவர் நூல் வாய்திறவாது. வாய்திறவாதாரை நமக்குச் சாட்சியாக்குதல் முறையன்று. தோன்றி நின்று ஒடுங்குவதாகிய உலகிற்கு வினைமுதல் உண்டு என்னும் சிவஞானபோத முதற் சூத்திரம், உலகம் காரியம் என்பதன்மேல் நிற்கின்றது. அது 1,380 கோடி ஆண்டின் முன் தோன்றிற்றா, வேறொரு காலத்தா என்பதன்மேல் நிற்கவில்லை. குடம் நேற்று வனையப்பட்டதாயினும் இன்று வனையப்பட்டதாயினும் குயவன் வேண்டும். நாளை அவ்வெண் மாறின், எண்ணோடு நம் சூத்திரத்தைக் கட்டியவர் என் செய்வர்? வல்கனை நம்பி ஒரு தத்துவங் கட்டியிருந்தவர் 1915-இல் அடைந்த நிலையே நமக்கும் வரும்.

ஜெனீவா நிலையத்தின் வெளியே 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், நம் இந்திய அரசு நல்கிய ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டது. கூத்தப்பெருமான் திருக்கோலம் அங்கே பொலிவது எமக்குப் பெருமகிழ்ச்சி. படத்தை எம் இல்லத்திலும் வைத்துள்ளோம். ஆயின் அதனைக் காட்டி, "விஞ்ஞானிகள் நம் சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டனர்" என்று மேடையிற் பேசுவார்க்கு ஒரு சொல். அது நம் நாடு கொடுத்த பரிசு. விருந்தாகச் சென்ற பொருளை வழக்கு மன்றத்துச் சான்றாக்குதல் விருந்தோம்பினாரையும் இழிவுபடுத்தும். ஐந்தொழிற் கூத்தையும் துகள்களின் அதிர்வளவாகச் சுருக்கும்.

சென்ற ஆண்டு ஆடித்தபசில் அதே மண்டபத்தில் எமக்குப் பேச வாய்ப்பு நேர்ந்தது. முன்னர்க் கூறியது பிழையென்று முதற்கண் சொல்லி, பிழையாமாற்றை விளக்கினோம். அவ்வமயம் ஒருவருங் கைகொட்டவில்லை. முதியவர் ஒருவர் இறங்கிவரும்போது எம் கையைப் பற்றி, "அப்படியே விட்டிருக்கலாமே ஐயா, யாருக்கு நினைவிருக்கப் போகிறது?" என்று பரிவோடு சொன்னார்.

அவ்விளைஞர் தூணருகே நின்றிருந்தார். அருகே வந்து, "கரும்பொருள் ஆணவம் இல்லை என்றால், ஆணவம் உண்டு என்பதற்குக் கருதலளவை எது ஐயா?" என்று கேட்டார். அதனை மண்டபத்து நின்று சொல்ல இயலாது, இல்லத்திற்கு வாருங்கள் தம்பி என்றோம். இப்பொழுது அவர் எமக்குப் பாடஞ் சொல்லும் நாள் குறைந்து, யாம் அவர்க்குச் சொல்லும் நாள் மிகுந்துவருகின்றது. அளவை முடிந்தது, சித்தியார் சுபக்கத்து முதற் சூத்திரம் நடந்துவருகின்றது.

திருச்சிற்றம்பலம்